‘மாட்டியிருப்பான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது

சிங்கப்பூரின் துவாஸ் பக்கத்தில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என் நாள் முழுவதும் சாரத்தின் மீதும் கப்பலின் தொட்டிக்குள்ளும் கழிவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி காகிதத்தில்தான் கழிகிறது. பெர்மிட், ஷிஃப்ட் ஒப்படைப்புக் குறிப்பு, சாட்சி வாக்குமூலம், விபத்து அறிக்கை என எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கும். எழுதுபவர்களில் பலருக்கு வீட்டு மொழி தமிழ். மற்றவர்களுக்கு வங்காளம், மாண்டரின், மலாய், பர்மியம். இத்தனை பேர் சேர்ந்து எழுதும் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையோ காலம் மாறிய வினையோ என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை, ஏனென்றால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். உறுத்துவது வேறொன்று. எழுதியவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாரா, பார்க்காமல் ஊகித்ததைச் சொல்கிறாரா என்று பிரித்தறிய முடியாத வாக்கியம்தான் அது. அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. அதனாலேயே அது யார் கண்ணிலும் படாமல் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘ஷுட் பி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வளர்ந்த நாம் நாள் முழுக்க அதைச் சொல்கிறோம். கடை திறந்திருக்குமா? ஷுட் பி ஓப்பன். பஸ் வந்துவிடுமா? ஷுட் பி. பேச்சில் இது எவ்வளவு திடமான ஊகம் என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமும் கடைசியில் ஒட்டும் சின்ன அசையும் காட்டிவிடும். ‘லா’ என்று முடிந்தால் நம்பிக்கை. ‘லோர்’ என்று முடிந்தால் வேறு வழியில்லை என்ற ஏற்பு. ‘மே’ என்று கேட்டால் அது நேரடியான சந்தேகம். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத இலக்கணம் இது. ஆனாலும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் இதைப் பிசகாமல் பேசுகிறோம். எழுத்தில் அந்தக் குரலும் இல்லை, அந்த அசையும் இல்லை.

‘நம்பர் த்ரீ டேங்க் கேஸ் செக் ஷுட் பி டன்’ என்று ஒரு பகல் ஷிஃப்ட்காரர் ஒப்படைப்புக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். அவர் சொல்ல வந்தது ‘செய்திருப்பார்கள்’. விதிமுறைக் கையேடுகளின் ஆங்கிலம் பழகியவர் அதையே ‘செய்ய வேண்டும்’ என்று படிப்பார். அவசரத்தில் இருக்கும் இன்னொருவர் ‘செய்தாகிவிட்டது’ என்று படிப்பார். அடைபட்ட இடத்துக்குள் ஆள் இறங்குவதற்கு முன் அங்கே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 23.5 விழுக்காட்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று விதி தசமப் புள்ளி வைத்துச் சொல்கிறது. அவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டிய ஒன்றை அளந்தார்களா இல்லையா என்று சொல்லும் வாக்கியமோ மூன்று பொருளுக்கு இடம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. இரவு மேற்பார்வையாளர் மியன்மார்க்காரர். ஐயம் வந்ததும் தொலைபேசியில் கேட்டார். திருப்தியான பதில் கிடைக்காததால், கருவியைக் கொண்டுவரச் செய்து மறுபடியும் அளந்த பிறகே ஆட்களை இறக்கினார். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் பல வாக்கியங்கள் ஆபத்தாக மாறாமல் போகின்றன. ஆனால் படிப்பவர் திருப்பிக் கேட்பார் என்பதை நம்பி ஒரு வாக்கியத்தை எழுதக் கூடாது.

ஒரு தாள், மூன்று வாசிப்பு

இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது வேறொரு சம்பவத்தில். பழுதுபார்க்க வந்திருந்த கப்பலின் தொட்டிக்குள் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மேல் தட்டில் நின்ற ஊழியர் பலகை நழுவிக் கீழ்த் தட்டில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டிய விபத்து அது. எல்லாருக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விழும்போது அவருடைய பாதுகாப்பு வாரின் கொக்கி மாட்டியிருந்ததா? மாட்டியிருந்தது என்றால் வாரோ, கொக்கியோ, அதை மாட்டிய இடமோ கைவிட்டிருக்கிறது. அப்படியானால் பட்டறையில் அதே போல மாட்டிக்கொண்டு நிற்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. மாட்டவில்லை என்றால் பழி விழுந்தவர் மீது போகும். வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கி வந்த ஒருவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எவ்வளவு கனமானது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

விழுந்தவர் அறுவை சிகிச்சையில் இருந்தார். பக்கத்தில் வேலை செய்த ஒருவர்தான் சாட்சி. அவர் புதுக்கோட்டைப் பக்கத்தவர். தமிழ் மேற்பார்வையாளர் அவரிடம் கேட்டபோது, ‘கொக்கியை மாட்டியிருப்பான் அண்ணே’ என்று சொன்னார். மேற்பார்வையாளர் அதை ஆங்கிலத்தில் எழுதினார்: ‘ஹி வுட் ஹேவ் ஹூக்ட் ஹிஸ் லேன்யார்ட்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் குறை காண முடியாது. சாட்சியின் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்த ஒரு நேர்மையான மனிதர் எழுதிய வாக்கியம் அது.

மறுநாள் கூட்டத்தில் திட்ட மேலாளர் அந்தத் தாளைப் படித்தார். ‘அப்படியானால் மாட்டவில்லை’ என்று உடனே சொன்னார். கப்பல் உரிமையாளரின் பிரதிநிதியாக வந்திருந்த பிரிட்டன்காரரும் தலையசைத்தார். ‘மாட்டியிருப்பான், ஆனால் ஏதோ தடுத்துவிட்டது’ என்றுதான் அவருக்கும் பட்டிருக்கிறது. சாரம் கட்டிய குத்தகையாளர், ‘மாட்டியதாகத்தானே எழுதியிருக்கிறது?’ என்று கேட்டார். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். தான் எழுதியதில் என்ன சிக்கல் என்றே அவருக்கு விளங்கவில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் அந்த ஆங்கிலத்துக்கு அடியில் இருந்த வாக்கியம் கேட்டது. அது ‘மாட்டினான்’ என்று சொல்லவில்லை. ‘மாட்டவில்லை’ என்றும் சொல்லவில்லை. ‘நான் பார்க்கவில்லை, ஆனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியும்’ என்று சொன்னது. அந்த அறையில் இருந்தவர்களில் மேற்பார்வையாளருக்கும் எனக்கும் மட்டுமே அது தெரிந்திருந்தது. முடிவெடுக்கப் போகிறவர்கள் வேறு ஆட்கள்.

கூட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டு சாட்சியிடம் போனேன். ‘நீங்கள் என்ன பார்த்தீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. ‘கொக்கியை நான் பார்க்கவில்லை அக்கா. குனிந்து வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். ஆனால் மாட்டாமல் அவன் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டான். ஊரில் அவன் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். அதோடு, அவன் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் குழாயில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.’

கேட்ட சத்தம் ஒன்று, ஆளை அறிந்த அறிவு ஒன்று, பார்க்கவில்லை என்ற ஒப்புதல் ஒன்று. இவ்வளவும் ‘மாட்டியிருப்பான்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருந்திருக்கிறது. சத்தத்தைத் தேடித்தான் அந்தச் சாரத்தின் குழாய்களைப் பார்க்கப் போனோம். ஒரு குழாயின் முனை திறந்திருந்தது. முனையை ஒட்டிப் புதிய உராய்வுத் தடம் இருந்தது. கொக்கி அதில் மாட்டப்பட்டு, பலகை சாய்ந்தபோது முனை வழியே வழுக்கி வெளியேறியிருக்கிறது. சிகிச்சை முடிந்து பேசியபோது விழுந்தவரும் அந்தக் குழாயைத்தான் சொன்னார். முனை திறந்த குழாய்களில் கொக்கி மாட்டுவது அன்றே தடை செய்யப்பட்டது.

வால் உதிர்ந்த வினைகள்

ஒரே வாக்கியத்தை அந்த அறையில் ஏன் வெவ்வேறு விதமாகப் படித்தார்கள் என்பதை அதன் பிறகு வெகுநாள் யோசித்திருக்கிறேன். தமிழிலும் ‘மாட்டியிருப்பான்’ இரண்டு வேலை செய்யும் சொல்தான். ‘நேரம் இருந்திருந்தால் மாட்டியிருப்பான்’ என்றால் மாட்டவில்லை என்று பொருள். நிபந்தனை எதுவும் முன்னால் வராமல் தனியே நின்றால் அது ஊகம். தமிழ்க் காது இதில் தடுமாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ்’ தனியே நின்றால் படிப்பவர் சொல்லப்படாத ஒரு நிபந்தனையைத் தாமே சேர்த்துக்கொள்கிறார். ‘மாட்டியிருப்பான், ஆனால்’ என்று அவர் மனம் முன்னே ஓடிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சில வேளை ‘வுட் ஹேவ்’ என்று ஊகம் சொல்வதுண்டு. ஆனால் பழி எங்கே விழும் என்று எல்லாரும் காத்திருக்கும் ஓர் அறையில் அந்தப் பொருள் முதலில் தோன்றாது. ஊகமாகப் புறப்பட்ட சொல் மறுப்பாகப் போய்ச் சேர்கிறது.

ஊகத்தைச் சொல்லத் தெரியாதவர்கள் அல்ல நாம். தொலைவில் ஏதோ தெரிகிறது, கட்டையா ஆளா என்று தெரியவில்லை. அப்போது எப்படிப் பேசுவது என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே விதி வைத்திருக்கிறது. உயர்திணையா அஃறிணையா என்று ஐயம் என்றால் ‘உருபு’ போன்ற பொதுச்சொல்லால் குறிக்கலாம். மனிதர்தான், ஆணா பெண்ணா என்பதில்தான் ஐயம் என்றால் பன்மையில் சொல்ல வேண்டும். ‘கொல்லே ஐயம்’ என்று இடையியலில் ஓர் இடைச்சொல்லுக்கே இந்த வேலையை ஒதுக்கியிருக்கிறது. தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லிவிடக் கூடாது என்ற அக்கறையை இலக்கணத்துக்குள்ளேயே வைத்த மொழி நம்முடையது. பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு வாக்குமூலத்தைப் படிக்கும்போதும் அந்த விதியை நினைத்துக்கொள்கிறேன்.

‘கொல்’ வழக்கிலிருந்து போய்விட்டது. அந்த வேலையை இன்று வினையின் வால் செய்கிறது. ‘மழை பெய்கிறதாம்’ என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. ‘பெய்கிறது போல’ என்றால் சத்தமோ இருட்டோ ஏதோ அடையாளம் இருக்கிறது. ‘பெய்திருக்க வேண்டும்’ என்றால் ஈரமான தரையைப் பார்த்து வந்த முடிவு. ‘பெய்திருக்கலாம்’ என்றால் அவ்வளவு உறுதி இல்லை. பேசுகிறவர் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, வினையோடு ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதையே ஒரு தனிச்சொல்லாகவோ தொடராகவோ தேடி எடுத்து வைக்க வேண்டும். தேட நேரமில்லாதபோது முதலில் உதிர்ந்துபோவது இந்த ‘ஆம்’ தான். ‘கிரேனை சர்வீஸ் செய்துவிட்டார்களாம்’ என்று வாயால் சொன்ன அதே மனிதர், எழுதும்போது ‘தி கிரேன் வாஸ் சர்வீஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார். கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாகிவிடுகிறது. பொய் சொல்ல அவர் நினைக்கவில்லை. தமிழில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் தகுதிக்குத் தயாராகும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்குவிடுதியின் படிப்பறையில் அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அடிக்கடி வரும் கேள்வி: ‘எல்லாவற்றுக்கும் ஐ திங்க் போட்டால் போதாதா அக்கா?’ போதாது. ‘ஐ திங்க்’ ஊகத்துக்கும் வரும், கருத்துக்கும் வரும், பணிவுக்கும் வரும். படிப்பவர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். ‘மஸ்ட் ஹேவ்’ என்பது நம் ‘இருக்க வேண்டும்’ என்பதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்த ‘ஹேவ்’ விட்டுப்போனால் ‘ஹி மஸ்ட் ஹூக்’ என்று ஊகம் கட்டளையாகிவிடும். ‘ஆம்’ என்பதற்கு ‘ஐ வாஸ் டோல்ட்’ என்று எழுதி, யார் சொன்னார் என்பதையும் சேர்க்கச் சொல்கிறேன். ‘அப்பேரன்ட்லி’ என்ற சொல்லைச் சிலர் ஆசையோடு கற்றுக்கொண்டு வருகிறார்கள். அறிக்கையில் அதை நான் விரும்புவதில்லை. கேள்விப்பட்டதா, பார்வைக்குத் தோன்றியதா என்று அது சொல்லாமல் நழுவுகிறது.

அந்த வகுப்பில் நல்ல ஆங்கிலம் என்று மதிக்கப்படும் சொல் ‘அஸ்யூம்’. ‘ஐ அஸ்யூம் தி பவர் இஸ் ஆஃப்’ என்று எழுதினால் படித்தவர் எழுதியது போல் இருக்கிறதாம். அதன் கனம் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வேறு எதையும்விட அதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறேன். ஊகித்தவர் தாம் சொன்னது தவறாக இருக்கலாம் என்று தயாராக நிற்கிறார். ‘அஸ்யூம்’ செய்தவரோ சோதிக்காத ஒன்றை உண்மையாக வைத்துக்கொண்டு அதன் மேல் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறார். பொறியியலில் இது இல்லாமல் முடியாது. மண்ணின் வலிமை இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளாமல் எந்தக் கட்டடத்தையும் வடிவமைக்க முடியாது. ஆனால் எடுத்துக்கொண்டது எது என்று எழுதி வைக்க வேண்டும், தளத்தில் கிடைக்கும் அளவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதைக்காகத் தோண்டப்பட்ட பள்ளம் நிக்கல் நெடுஞ்சாலை அருகே இடிந்து விழுந்து நால்வர் உயிரிழந்தனர். வடிவமைப்பில் மண்ணின் வலிமையைக் கணக்கிட்ட முறை அதை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது என்பதும், முட்டுச் சட்டங்களைச் சுவர்ப்பக்கத்து உத்தரங்களோடு சேர்த்த இணைப்புகள் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன என்பதும் விசாரணையில் தெரியவந்தன. அந்த ஆண்டின் பெரிய விபத்துகளுக்குப் பிறகுதான் இப்போதைய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தது. ‘பவர் ஆஃப் என்று அஸ்யூம் செய்கிறேன்’ என்று எழுதுகிறவர், ‘சோதிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அது தெரிந்தால் அந்தச் சொல்லைப் போடாமல் சோதனைக் கருவியை எடுக்கப் போவார்.

‘ஐ கெஸ் ஸோ’

1990 ஜனவரி 25ஆம் தேதி, கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்தது அவியாங்கா 52 விமானம். மோசமான வானிலையால் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வானில் சுற்றிச் சுற்றிக் காத்திருந்தது. முதல் முறை தரையிறங்க முயன்று முடியாமல் மேலெழும்பியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாக விமானத்திலிருந்து சொன்னார்கள், ஆனால் கட்டுப்பாட்டு அறையிடம் ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. மறுபடி தரையிறங்கச் சுற்றிவர வேண்டிய தூரத்தைச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். துணை விமானி சொன்ன பதில்: ‘ஐ கெஸ் ஸோ, தேங்க் யூ வெரி மச்.’ சற்று நேரத்தில் எல்லா எஞ்சின்களும் நின்று விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இது பேச்சு, எழுத்து அல்ல. ஆனாலும் ஊகத் தொடர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் அந்தத் துணை விமானியிடம்தான் போய் நிற்கிறேன். அவருக்குத் தாய்மொழி ஸ்பானியம். அவர் ஊகிக்கவில்லை. தொட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் கருவிகள் அவர் கண்முன்னே இருந்தன. அறிந்த ஒன்றை, அதிகாரமுள்ள ஒருவரிடம் மறுத்துப் பேசாமல் இருப்பதற்காக, மெல்லிய சொல்லில் சுற்றிக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊகத்தை உண்மையாக எழுதுவது பற்றித்தான் எல்லாரும் எச்சரிக்கிறார்கள். உண்மையை ஊகமாக எழுதுவது அதைவிடப் பெரிய கேடு என்று நான் நம்புகிறேன். முதல் வகையை யாராவது சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகையில், சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது.

நம்மிடம் இந்த இரண்டாம் வகை நிறைய இருக்கிறது. எண்ணெய் சொட்டுவதைப் பார்த்த ஊழியர் ‘ஐ திங்க் லிட்டில் பிட் லீக்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேரில் போய்க் கேட்டால், கையை நீட்டி ஈரத்தைக் காட்டுகிறார். பிறகு ஏன் ‘ஐ திங்க்’? ‘பெரியவர்களிடம் அடித்துச் சொன்னால் மரியாதையாக இருக்காது அக்கா’ என்கிறார். தமிழிலும் அவர் ‘கசிகிற மாதிரி இருக்கிறது சார்’ என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கிற தமிழர், அந்த ‘மாதிரி’ பணிவுக்காக வந்தது என்று புரிந்துகொண்டு எழுந்து போய்ப் பார்ப்பார். ஆங்கிலத்தில் படிக்கும் மேலாளருக்கு அது வெறும் சந்தேகமாகத் தெரிகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறார். மரியாதை வேண்டாம் என்று அந்த ஊழியரிடம் என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். மரியாதையை வாக்கியத்தின் வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். ‘சார், ப்ளீஸ் கம் அண்ட் சீ. ஆயில் இஸ் லீக்கிங். ஐ சா இட்.’ பணிவும் இருக்கிறது, பார்த்ததும் இருக்கிறது.

எண்ணில் சொன்னால் என்ன?

ஊகத்தின் அளவை எண்ணால் சொல்லிவிட்டால் குழப்பம் தீருமே என்று கேட்பவர்கள் உண்டு. இதை உலகின் பெரிய உளவு அமைப்பு ஒன்று முயன்று பார்த்தது. 1951இல் யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்குமா என்பது பற்றி அமெரிக்க உளவுத்துறை ஒரு மதிப்பீடு எழுதியது. தாக்குதல் ஒரு ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்றது அது. எழுதியவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் மனத்தில் வைத்திருந்தது 65க்கு 35 என்ற கணக்கு. படித்த அதிகாரி அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் தம்மோடு சேர்ந்து அந்தத் தொடருக்கு ஒப்புதல் அளித்த சகாக்களிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருவர் 80க்கு 20 என்றார், இன்னொருவர் 20க்கு 80 என்றார். எல்லாருமே ஆங்கிலத்தில் எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்கள். பிறகு 1964இல் கென்ட் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு ஊகச் சொல்லுக்கும் ஒரு விழுக்காட்டைப் பொருத்தினார். ‘ப்ராபபிள்’ என்றால் 75, 12 கூடலாம் அல்லது குறையலாம் என்பது போல.

ஆக, இது ஆங்கிலம் தெரியாதவர்களின் சிக்கல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது எனக்கும் என் மாணவர்களுக்கும் ஆறுதல். ஆனால் பட்டறைக்கு இந்த எண்கள் ஒத்துவரும் என்று நான் நம்பவில்லை. சாட்சி சொன்ன ‘மாட்டியிருப்பான்’ என்பதை 90 விழுக்காடு என்று எழுதியிருந்தால், எங்களை அந்தக் குழாயிடம் எது கூட்டிப்போயிருக்கும்? எவ்வளவு நம்புகிறார் என்பதைவிட எதை வைத்து நம்புகிறார் என்பதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. எந்த ஊகத் தொடரை எழுதினாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு ‘பிகாஸ்’ எழுதுங்கள் என்று நான் கேட்பது அதனால்தான். ‘ஐ டிட் நாட் சீ. ஐ பிலீவ் ஹி ஹூக்ட், பிகாஸ் ஐ ஹேர்ட் மெட்டல் ஆன் தி பைப்.’ இப்படி எழுதியிருந்தால், அந்த அறையில் மூன்று வாசிப்புகளுக்கு இடமே இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒரு கருத்தும் வலுவாக இருக்கிறது. அறிக்கையில் ஊகமே வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்கிறார்கள். வழக்கு வந்தால் பாதுகாப்பு என்பது அவர்களின் வாதம். இதை நான் ஏற்கவில்லை. எங்களிடம் செம்பவாங்கில் வளர்ந்த, ஓய்வு வயதை நெருங்கும் ரிக்கிங் (பாரம் கட்டித் தூக்கும் வேலை) மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கம்பிவடத்தால் பாரத்தை இழுக்கும் வின்ச் பற்றி இந்த மேற்பார்வையாளர் பதிவேட்டில் எழுதிய ஒரு வரி: ‘வின்ச் டெஸ்ட் ஓகே. பட் சவுண்ட் நாட் ஸேம் லைக் லாஸ்ட் வீக். ஐ டோன்ட் நோ வை.’ ஆவணங்களைச் சரிபார்க்க வந்தவர், இரண்டாவது வாக்கியத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார். உண்மைத் தகவல் அல்லவாம். எனக்கோ அந்த மூன்று சின்ன வாக்கியங்களில் நீக்க ஒன்றுமே தெரியவில்லை. சோதனையின் முடிவு இருக்கிறது, காதில் கேட்ட வேறுபாடு இருக்கிறது, தம் அறிவு எங்கே நின்றுபோகிறது என்பதும் இருக்கிறது. வின்ச்சைத் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதே அந்த வரியால்தான். வாழ்நாள் முழுக்கக் கம்பிவடத்தோடு பழகிய ஒருவரின் ஊகத்தை நீக்கிவிட்டு மிஞ்சுவதை முழுமையான அறிக்கை என்று நான் கையெழுத்திட மாட்டேன்.

வாக்குமூலப் படிவத்தை மாற்றக் கேட்டிருக்கிறேன். பார்த்ததற்கு ஒரு பகுதி, கேள்விப்பட்டதற்கு ஒரு பகுதி, ஊகத்துக்கும் அதன் காரணத்துக்கும் ஒரு பகுதி. கூடவே, சாட்சி தம் மொழியில் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுத ஓர் இடம். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. வங்காளத்துக்கு அந்தத் தகுதி இல்லை என்றாலும், விழுந்தவர் வங்காளதேசத்தவர் என்றால் அவருடைய வாக்கியத்துக்கும் அதே இடம் வேண்டும். நிர்வாகத்தின் பதில் இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் தமிழ் மேற்பார்வையாளர்கள் ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே, தாளின் ஓரத்தில், கேட்ட தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்கிறார்கள்.